கியர் சரியாக விழவில்லையா? ரோட் பைக்கின் பின் டீரெய்லர் கோளாறைத் தேடும் வரிசை

நேற்று வரை சுத்தமாக விழுந்த கியர் இன்று தடுமாறினால், கை தானாகப் போவது பேரல் அட்ஜஸ்டருக்குத்தான், அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகு உருளைக்கு. கால் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் சரியானது போல இருக்கும். இருபது கிலோமீட்டர் ஓட்டினால் மறுபடி அதே தடுமாற்றம். பேரல் அட்ஜஸ்டர் கேபிளின் இறுக்கத்தை மட்டும்தான் மாற்றும். அந்த இறுக்கமோ சும்மா மாறாது. எங்கேயோ ஒன்று வளைந்திருக்கிறது, நைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அட்ஜஸ்டரைத் திருப்பினால் கோளாறு மறையுமே தவிர தீராது. ஆகவே திருகுகளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் தேடுவோம்.

இங்கே எடுத்துக்கொள்வது முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு செயின்ரிங்குகளும் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரையுள்ள பல்சக்கரங்களின் அடுக்கும் (11–28 கேசட்) உள்ள, கேபிளால் இயங்கும் ஷிமானோ 11 ஸ்பீட் ரோட் பைக். ஷிமானோவின் 105 வரிசையில் 5800, 7000 ஆகிய மாடல்கள் இந்த வகை. 8, 9, 10 ஸ்பீட் வண்டிகளுக்கும் தேடும் முறை இதேதான், அளவுகள்தான் வேறு. மின்சார ஷிஃப்டிங்குக்குக் கேபிள் பற்றிய பகுதி பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

குழப்பம் வராமலிருக்க ஒரு சொல் வழக்கு. 'கியரை ஏற்றுவது', 'இறக்குவது' என்பதை ஆளுக்கு ஒரு பொருளில் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் 'உள்ளே' என்றால் ஸ்போக் பக்கம், அதாவது பெரிய பல்சக்கரத்தை நோக்கி. 'வெளியே' என்றால் சின்னப் பல்சக்கரத்தை நோக்கி. 1-வது பல்சக்கரம் என்பது வெளிக்கோடியில் இருக்கும் 11 பல். 11-வது என்பது 28 பல். 'பல்' என்று மட்டும் சொல்லும் இடங்களிலும் அது பல்சக்கரத்தையே குறிக்கும்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும். 11 ஸ்பீட் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 3.7 மி.மீ. அந்தத் தூரத்தை டீரெய்லர் கடக்க, லீவர் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 2.7 மி.மீ. கேபிளை இழுக்கிறது. கேபிள் வழியில் எங்காவது அரை மி.மீ. தொலைந்தால் டீரெய்லர் 0.7 மி.மீ. தள்ளி நிற்கும்; செயின் அடுத்த பல்லை உரச அது போதும். 8 ஸ்பீடில் அந்த இடைவெளி 4.8 மி.மீ. பழைய வண்டி கொஞ்சம் அழுக்கையும் வளைவையும் பொறுத்துக்கொண்டு ஓடியதற்கும், புது வண்டி பொறுக்காததற்கும் காரணம் அதுதான்.

முதல் ஐந்து நிமிடம்

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிவிட்டு மாட்டியபோது அச்சு டிராப்அவுட்டில் (அச்சு உட்காரும் பிரேமின் பிளவில்) முழுதாக உட்காராமல் போயிருக்கலாம். வண்டியை நேராகத் தரையில் நிறுத்தி, குயிக் ரிலீஸை (அச்சை இறுக்கும் நெம்பை) தளர்த்தி, சீட்டில் கை வைத்து அழுத்தியபடி மறுபடி முடுக்குங்கள். சக்கரம் ஒரு மி.மீ. சாய்ந்திருந்தாலும் கேசட் முழுதும் டீரெய்லரிலிருந்து விலகி நிற்கும். பல 'கியர் கோளாறுகள்' இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து ஹேண்டில்பார். செயினைக் கேசட்டின் நடுவில் வைத்து, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிக்கொண்டே டீரெய்லரைக் கவனியுங்கள். ஹேண்டில் திரும்பும்போது டீரெய்லர் அசைந்தால் முன்பக்க அவுட்டரின் (கேபிள் ஓடும் வெளிக்குழாயின்) நீளம் பற்றவில்லை, அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது. வளைவில் மட்டும் கியர் தானாக மாறுகிறது என்ற புகாருக்கு இதுவே காரணம்.

பிறகு டீரெய்லரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹேங்கரோடு (டீரெய்லரைப் பிரேமில் தொங்கவிடும் சின்னத் துண்டோடு) சேரும் போல்ட் தளர்ந்திருந்தால் அங்கே 'டக்' என்று ஆட்டம் தெரியும். 5 மி.மீ. ஆலன் கீயால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை முடுக்க வேண்டிய போல்ட் அது. ஹேங்கரைப் பிரேமோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களையும் விட்டுவிடாதீர்கள். கேசட்டைப் பிடித்து ஆட்டினால் பல்சக்கரங்கள் கடகடத்தால் கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் வளையம் தளர்ந்திருக்கிறது. அதற்கு 40 நியூட்டன் மீட்டர் வேண்டும், கை இறுக்கம் போதாது.

கோளாறு என்ன சொல்கிறது?

இப்போது பின்சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, 1-லிருந்து 11 வரை ஒவ்வொரு கிளிக்காக உள்ளே போய், அதே போல வெளியே வாருங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்தத் திசையில் தடுமாறுகிறது? எல்லாப் பல்லிலுமா, ஒரு சிலவற்றில் மட்டுமா? மிதிக்கும் பாரத்தில் மட்டும் வருகிறதா, ஸ்டாண்டிலும் வருகிறதா?

உள்ளே ஒழுங்காகப் போகிறது, வெளியே வரும்போது மட்டும் தாமதிக்கிறது. சில சமயம் இரண்டாவது கிளிக்கில் இரண்டு பல் சேர்ந்து வெளியே தாவுகிறது. இப்படியிருந்தால் கேபிளில் உராய்வு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். உள்ளே போகும்போது உங்கள் விரல் கேபிளை இழுக்கிறது. அழுக்கையும் துருவையும் மீறி இழுத்துவிடும். வெளியே வருவதற்கு டீரெய்லருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டுமே துணை. அது விரலைவிடப் பலம் குறைந்தது, கேபிள் சிக்கினால் தோற்றுவிடும். அந்த நேரத்தில் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் வெளியே வருவது சரியாகும், உள்ளே போவது கெடும். மறுபடி இறுக்கினால் உள்ளே போவது சரியாகும், வெளியே வருவது கெடும். அட்ஜஸ்டரைத் திருப்பித் திருப்பி நடு நிலையே கிடைக்கவில்லை என்றால் உடனே கேபிளுக்குப் போங்கள்.

இரண்டு திசையிலும் சத்தம், ஆனால் எல்லாப் பல்லிலும் ஒரே அளவில்: இறுக்கம் மட்டும் மாறியிருக்கிறது. புதுக் கேபிள் போட்ட முதல் சில நாட்களில் இது இயல்பு. மற்ற காலத்தில், ஏன் மாறியது என்று கேட்காமல் விடக் கூடாது.

சின்னப் பற்களில் சரி, பெரியவற்றில் கெட்டுப்போகிறது, அல்லது தலைகீழாக: ஹேங்கர் வளைந்திருக்கலாம், கேபிள் பிடிக்கும் போல்ட்டில் கேபிள் தவறான பக்கம் மாட்டியிருக்கலாம், ஒத்துப்போகாத பாகங்கள் சேர்ந்திருக்கலாம். இறுக்கத்தை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது.

ஒரே ஒரு பல்சக்கரத்தில் மட்டும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது வழுக்குகிறது: அந்தப் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் 15, 17, 19 பல். அதிகம் ஓட்டுவது அவற்றில்தான். புதுச் செயின் போட்ட அடுத்த நாள் இது வந்தால் சந்தேகமே வேண்டாம்.

எல்லாக் கியரிலும் ஒரு தாளத்தோடு குதிக்கிறது: செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. எண்ணிப் பார்த்தே இதைப் பிடித்துவிடலாம். 110 கண்ணி உள்ள செயின், 50 பல் செயின்ரிங்கில் ஒரு முழுச் சுற்று வர 2.2 பெடல் சுற்று ஆகும், 34-ல் 3.2 சுற்று. பெரிய செயின்ரிங்கில் இரண்டு சுற்றுக்குச் சற்று மேலே ஒரு குதிப்பும், சின்னதற்கு மாறினால் மூன்று சுற்றுக்குச் சற்று மேலே ஒரு குதிப்பும் வந்தால் அது செயின்தான். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டு கீழ் ஜாக்கி வீலை (டீரெய்லரின் கூண்டில் செயின் ஓடும் இரண்டு சின்னச் சக்கரங்களில் கீழே இருப்பதை) கவனித்தால் அந்தக் கண்ணி நிமிராமல் மடங்கியபடியே வருவது தெரியும். இரு கைகளாலும் செயினை அந்த இடத்தில் பக்கவாட்டில் மெல்ல வளைத்துக் கொடுத்தால் கண்ணியை இணைக்கும் ஆணி (பின்) தளரும்.

எந்தக் கியரிலும் பெடல் திடீரென்று காற்றில் மிதித்தது போல முன்னால் போய்விட்டால் டீரெய்லரைக் குறை சொல்லாதீர்கள். ஃப்ரீஹப்புக்குள் (கேசட் மாட்டியிருக்கும், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் உருளைக்குள்) இருக்கும் கவ்விகள் பிடிக்கவில்லை. ஹப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். 34-க்கு 11, 50-க்கு 28 என்று குறுக்காகச் செயின் போகும்போது வரும் லேசான சத்தத்தையும், முன் டீரெய்லரின் தகட்டில் செயின் உரசும் சத்தத்தையும் பின்பக்கக் கோளாறாக எண்ணி ஏமாறுவது உண்டு. காதைத் தாழ்த்தி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேபிள்: முதல் சந்தேகம் இதன்மேல்தான்

பிரேமுக்கு வெளியே கேபிள் ஓடும் வண்டியானால் கேபிளைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். பெடலைச் சுற்றி 11-வது பல்சக்கரத்துக்குப் போங்கள். சுற்றுவதை நிறுத்திவிட்டு, பெடலை அசைக்காமல், லீவரை மட்டும் கடைசி வரை வெளியே கிளிக் செய்யுங்கள். கேபிள் தொய்ந்துவிடும். இப்போது அவுட்டர் துண்டுகளைப் பிரேமிலுள்ள பிளவுகளிலிருந்து வெளியே எடுத்து, கேபிள்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். நல்ல அவுட்டர் தன் எடையிலேயே வழுக்கிப் போகும். மணல் தேய்ப்பது போல விரலுக்குத் தெரிந்தாலோ, ஒரு இடத்தில் நின்று நின்று நகர்ந்தாலோ மாற்ற வேண்டும். கேபிளில் பழுப்புக் கறை, உள்ளே தங்கிய நீர், நசுங்கிய முனை ஆகிய மூன்றையும் பாருங்கள். கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகளிலும், வீட்டுக்குள் டிரெய்னரில் வியர்வை சொட்டச் சொட்ட ஓட்டும் வண்டிகளிலும் இது சீக்கிரம் வரும்.

பிரேமுக்குள் கேபிள் ஓடினால் டீரெய்லர் போல்ட்டிலிருந்து கேபிளை விடுவித்து, முனையை விரலில் சுற்றி லேசாக இழுத்துப் பிடித்தபடி, இன்னொரு கையால் லீவரைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலில் ஒரே அளவில் தெரிய வேண்டும். விடும்போது கேபிள் தயங்காமல் திரும்பி வர வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளிகள் மூன்று இடங்களில் ஒளிந்திருப்பார்கள். ஒன்று, பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடத்துக்கு) அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி. முன்சக்கரம் அள்ளித் தெளிக்கும் சேறும், பாட்டிலிலிருந்து வழிந்த சர்க்கரை நீரும் அங்கேதான் வந்து காய்கின்றன. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே சில வண்டிகளில் கியர் உயிர் பெற்றுவிடும். இரண்டு, டீரெய்லருக்குப் போகும் கடைசி அவுட்டர் வளைவு. மிகக் குட்டையாக இருந்தால் கேபிள் கூர்மையாக மடங்கும். மிக நீளமாக இருந்தால் தொங்கி அசையும். மூன்றாவது இடம் லீவரின் உள்ளே. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கியர் கேபிளை ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் கொண்டுபோகும் ஷிமானோ லீவர்களில், கேபிள் தன் தலைக்குண்டிலிருந்து கிளம்பிய உடனேயே சிறிய வளைவில் திரும்புகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. 1.2 மி.மீ. தடிமனுள்ள கேபிளின் இழைகள் அங்கே ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே எதுவும் தெரியாது. அறிகுறி இதுதான்: சில வாரங்களாகவே அட்ஜஸ்டரை அடிக்கடி இறுக்க வேண்டி வருகிறது, இறுக்கியதும் சரியாகிறது, மறுபடி தளர்கிறது, கடைசிப் பெரிய பல்லுக்குப் போக மறுக்கிறது. கேபிள் நீள்கிறது என்று நினைப்போம். உண்மையில் இழைகள் அறுந்து, மிச்சமிருப்பவை விரிகின்றன.

இந்த அறிகுறி தெரிந்தால் அன்றே திறந்து பாருங்கள். ரப்பர் மூடியை மடக்கி, லீவரை 1-வது பல் நிலைக்குக் கொண்டுவந்து, டீரெய்லர் பக்கம் கேபிளை விடுவித்து, அவுட்டர் வழியே லீவரை நோக்கித் தள்ளினால் தலைக்குண்டு வெளியே வரும். குண்டுக்கு அடுத்த 2 செ.மீ. கேபிளை விரலால் தடவாதீர்கள், இழை குத்தும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை பிசிறியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். தள்ளிப் போட்டு லீவரை அடித்துக்கொண்டே இருந்தால், அறுந்த இழைகள் உள்ளே சுருண்டு, குண்டு தனியாக மாட்டிக்கொள்ளும். பிறகு டார்ச்சும் மெல்லிய கிடுக்கியும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இழை பொறுக்க வேண்டும். சில லீவர்கள் அதோடு போய்விடும். சில நூறு ரூபாய்க் கேபிளுக்காக லீவரை இழக்காதீர்கள். அடிக்கடி ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கேட்காமலே மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: அவுட்டர் 4 மி.மீ. கியர் அவுட்டராகவே இருக்க வேண்டும். அதற்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் இழுக்கும்போது சுருங்காது. 5 மி.மீ. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக இருக்கிறது. அதைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் சுருங்கி கியர் நிலைக்காது. தலைகீழாகச் செய்வது உயிருக்கே ஆபத்து: கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் பக்கவாட்டில் வெடித்து, பிரேக் பிடிக்காமல் போகும்.

அவுட்டரைச் சாதாரண பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கும். கேபிள் கட்டரால் வெட்டி, அரத்தால் முனையைச் சமமாக்கி, உள்ளே மூடிப்போன பிளாஸ்டிக் குழாயை ஊசியால் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் முனைமூடியை மாட்டினால், புதுக் கேபிளும் முதல் நாளே சிக்கும். உள்ளே கெட்டிக் கிரீஸ் பூச வேண்டாம். தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

புதுக் கேபிளை மாட்டியதும், லீவரை 11-வது நிலையில் வைத்து, பிரேமுக்கு வெளியே தெரியும் கேபிளை இரண்டு மூன்று முறை கையால் அழுத்தமாக இழுங்கள். முனைமூடிகளும் தலைக்குண்டும் அவற்றின் இடத்தில் அமர்ந்துவிடும். எஃகுக் கேபிள் அவ்வளவாக நீளாது. 'புதுக் கேபிள் நீண்டுவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இந்த அமர்வைத்தான். பிறகு தொய்வை எடுத்து மறுபடி பிடியுங்கள்.

போல்ட்டில் பிடிக்கும்போது வாஷரைக் கழற்றி, கேபிள் பழைய நாளில் உட்கார்ந்து பதித்த பள்ளத்தைத் தேடுங்கள். கேபிள் அந்தப் பள்ளத்தில் போக வேண்டும். போல்ட்டின் மறுபக்கம் போனால் டீரெய்லரின் நெம்பு தூரம் மாறி, ஒவ்வொரு கிளிக்குக்கும் நகர்வு கூடும் அல்லது குறையும். ஒரு கோடியில் சரி செய்தால் மறு கோடி கெடும். அரை மணி நேரம் திருகினாலும் பிடிபடாத கோளாறு இது. போல்ட்டை 6 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள்.

ஹேங்கர்: வளைந்தது கண்ணுக்குத் தெரியாது

டீரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்படுகிறது. அடி விழுந்தால் அது வளைந்தோ உடைந்தோ பிரேமைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் வளைய விபத்து தேவையில்லை. நிறுத்தி வைத்த வண்டி வலப்பக்கம் சாய்ந்தது, பஸ் டிக்கியில் டீரெய்லர் பக்கம் கீழே படுத்துப் பயணம் செய்தது, அடுத்தவர் வண்டி மேலே சரிந்தது என இவையே போதும்.

வண்டியை நேராக நிறுத்தி, பின்னால் குந்தி, கண்ணைக் கேசட் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஜாக்கி வீல்களும் பல்சக்கரங்களுக்கு இணையாக, ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். கீழ் ஜாக்கி வீல் ஸ்போக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கரோ டீரெய்லரின் கூண்டோ வளைந்திருக்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் 11 ஸ்பீடுக்கு அது சான்று ஆகாது.

சரியான சோதனைக்கு ஹேங்கர் அளவுகோல் வேண்டும். டீரெய்லரைக் கழற்றி, கோலை ஹேங்கரின் மரையில் ஏற்றி, அதன் முனையை ரிம் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். டியூப் வால்வுக்குப் பக்கத்தில் ரிம்மில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, கோலை நகர்த்தும்போதெல்லாம் சக்கரத்தையும் சுற்றி அதே புள்ளியிலேயே அளக்க வேண்டும். அப்போதுதான் ரிம் கோணலாக இருந்தாலும் அளவு பிசகாது. மேலே, கீழே, முன்னே, பின்னே என நான்கு இடத்திலும் கோலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 4 மி.மீ. வரை வேறுபாடு பொறுக்கலாம் என்பது பொதுவான அளவு. 11 ஸ்பீடுக்கு அதில் பாதிக்குள் கொண்டுவந்துவிட்டால் பிறகு வரும் வேலையெல்லாம் எளிதாகிவிடும்.

கோல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஹேங்கரின் மரை 10 மி.மீ., 1 மி.மீ. இடைவெளி கொண்டது. குயிக் ரிலீஸ் வகைப் பின்சக்கரத்தின் அச்சு மரையும் பெரும்பாலும் அதேதான். இன்னொரு பின்சக்கரத்தின் அச்சை ஹேங்கரில் ஏற்றிவிட்டால், இரண்டு சக்கரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தால் வளைவு அப்படியே தெரிந்துவிடும். புதுவகை ஹேங்கர்கள் சிலவற்றில் மரை வேறு. கையால் சுலபமாக ஏறாவிட்டால் அழுத்தாதீர்கள்.

நிமிர்த்தும்போது பின்சக்கரம் இறுக்கி மாட்டியிருக்க வேண்டும். மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். ஒவ்வொரு முறையும் அளவெடுங்கள். அலுமினியம் இப்படியும் அப்படியுமாக வளைவதைத் தாங்காது. பார்த்த உடனே தெரியும் அளவுக்கு வளைந்திருந்தால், அல்லது முன்பே ஒருமுறை நிமிர்த்தியதாக இருந்தால், மாற்றிவிடுவதே சரி. பிரேமுக்குப் பிரேம் ஹேங்கர் வடிவம் வேறு என்பதால் கடையில் உடனே கிடைக்காது. உங்கள் பிரேமுக்கு உரியது ஒன்றை இப்போதே வாங்கிச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள். புது ஹேங்கரும் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம், மாட்டியதும் அளக்கவும்.

டீரெய்லரைத் திரும்ப மாட்டும்போது முதல் இரண்டு மூன்று சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் ஹேங்கர் வீணாகும். டீரெய்லரின் நாக்கு ஹேங்கரின் முட்டுக்குப் பின்னால் சரியாக அமர்ந்ததா என்பதையும் பாருங்கள். நடுவில் சிக்கியபடி முடுக்கினால் அந்த நாக்கு உடையும்.

செயினும் கேசட்டும்

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கி 24 கண்ணிகளின் நீளம் புதுச் செயினில் 304.8 மி.மீ. அது 306.3-ஐத் தொட்டால் 0.5 சதவீதத் தேய்மானம். 11 ஸ்பீடில் மாற்றும் நேரம். 8 முதல் 10 ஸ்பீட் வரை 0.75 சதவீதம், அதாவது சுமார் 307 மி.மீ. வரை ஓட்டலாம். தாமதித்தால் செயின் கேசட்டையும் தன்னோடு தேய்த்துவிடும். அதன்பின் புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கும். திசை குறித்த ஷிமானோ செயின்களில் எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிய வேண்டும்.

மேல் ஜாக்கி வீலைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக நகரும். பல ஷிமானோ டீரெய்லர்களில் இந்த அசைவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது, செயின் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ள. கீழ் வீலில் அது தேவையில்லை. இரண்டையும் இடம் மாற்றி மாட்டினால் கியர் முரண்டு பிடிக்கும்.

சேராத பாகங்கள்

பழைய பாகம் வாங்கிச் சேர்த்த வண்டிகளில் இது அடிக்கடி வரும். ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசை 10 ஸ்பீட்தான். ஆனால் அதன் கேபிள் இழுவை முந்தைய 4600-இன் இழுவை அல்ல. ஒன்றின் லீவரும் மற்றதன் டீரெய்லரும் சேராது. ஸ்ராம் என்ற இன்னொரு நிறுவனத்தின் லீவரும் ஷிமானோ டீரெய்லரும் அப்படியே. 11 ஸ்பீட் ஃப்ரீஹப்பில் 10 ஸ்பீட் ரோட் கேசட் மாட்டினால் அடியில் 1.85 மி.மீ. ஸ்பேசர் வேண்டும், விட்டால் கேசட் ஆடும், லாக்ரிங் எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது.

இப்போது திருகுகள்

எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அமைப்பது பத்து நிமிட வேலை. கேபிளைப் போல்ட்டிலிருந்து விடுவித்துவிட்டு, பேரல் அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே முடுக்கி, ஒரு சுற்று வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. செயின் 11 பல்லில் இருக்கட்டும். டீரெய்லரின் வெளி எல்லையை நிறுத்தும் 'எச்' ஸ்க்ரூவை, பின்னாலிருந்து பார்த்தால் மேல் ஜாக்கி வீல் 11 பல்லின் வெளி விளிம்புக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். முடுக்கினால் டீரெய்லர் உள்ளே நகரும்.

2. பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி 28 பல்லுக்கு ஏற்றுங்கள். உள் எல்லையை நிறுத்தும் 'எல்' ஸ்க்ரூவை, ஜாக்கி வீல் அதற்கு நேர் கீழே நிற்கும்படி வையுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் செயின் ஸ்போக்குக்குள் விழும். சக்கரமும் டீரெய்லரும் ஒன்றாக நாசமாகும், ஆளும் விழுவார். இந்த ஸ்க்ரூ மட்டும் 'ஏறக்குறைய' இருக்கக் கூடாது.

3. லீவரை 1-வது நிலையில் வைத்து, கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து முடுக்குங்கள்.

4. ஒரு கிளிக். செயின் 2-வது பல்லுக்குப் போகவில்லையா? பின்னாலிருந்து பார்த்தபடி அட்ஜஸ்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்று. 3-வதற்குத் தாண்டியதா? வலஞ்சுழியாகக் கால் சுற்று.

5. செயின் 2-வதில் நிற்கும்போது, பெரிய லீவரைக் கிளிக் விழாத அளவுக்கு மட்டும் தள்ளிப் பிடித்துப் பெடலைச் சுற்றுங்கள். செயின் 3-வது பல்லை லேசாக உரசி 'கரகர' என்று கேட்க வேண்டும். விட்டதும் சத்தம் நிற்க வேண்டும். ஷிமானோ சொல்லும் இந்தச் சோதனைதான் இறுக்கம் சரியா என்பதற்குக் கைகண்ட வழி.

6. செயினை முன்னால் 34, பின்னால் 28-இல் வைத்து, ஜாக்கி வீலுக்கும் கேசட்டுக்கும் உள்ள தூரத்தை மாற்றும் 'பி' ஸ்க்ரூவைத் திருப்புங்கள். மேல் ஜாக்கி வீலுக்கும் 28 பல்லுக்கும் நடுவே சுமார் 5–6 மி.மீ.; உரசாமல், முடிந்தவரை பக்கத்தில். தூரம் அதிகமானால் எல்லாக் கியரும் சோம்பலாகும்.

'எச்', 'எல்' இரண்டும் சும்மா மாறுவதில்லை. முன்பு சரியாக இருந்த வண்டியில் இப்போது 'எல்'-ஐத் திருப்பினால்தான் சரியாகிறது என்றால், நிறுத்திவிட்டு ஹேங்கரைப் பாருங்கள்.

வழியில் நின்றுபோனால்

பின் கேபிள் அறுந்தால் டீரெய்லர் 11 பல்லுக்குப் போய் நின்றுவிடும். மேட்டில் அதை மிதிக்க முடியாது. 'எச்' ஸ்க்ரூவை உள்ளே முடுக்கிக்கொண்டே போனால் 2-வது, சில வண்டிகளில் 3-வது பல் வரை தள்ளி நிறுத்தலாம். முன்னால் 34 இருந்தால் சமதளத்தில் வீடு வரலாம். இன்னும் எளிய கியர் வேண்டுமானால், அறுந்த கேபிளில் டீரெய்லர் பக்கம் போதிய நீளம் மிஞ்சியிருக்கும்போது, டீரெய்லரைக் கையால் 17 அல்லது 19 பல்லுக்குக் கீழே தள்ளிப் பிடித்து, கேபிளை அவுட்டர் முனையில் ஒரு முடிச்சிட்டு நிறுத்திப் போல்ட்டில் கட்டிவிடுங்கள்.

ஹேங்கர் வளைந்து டீரெய்லர் ஸ்போக்கைத் தொடுகிறது என்றால் பெரிய பற்கள் பக்கமே போகாதீர்கள். 5-வது பல்லுக்கு வெளியேயே வைத்து ஓட்டி வாருங்கள். ஹேங்கர் உடைந்தேவிட்டால் செயின் கட்டரால் செயினைப் பிரித்து, டீரெய்லரை விட்டுவிட்டு, 34-க்கும் நடுப் பல்சக்கரம் ஒன்றுக்கும் நேராகச் செயினைக் குறுக்கிக் கட்டலாம். எந்தப் பல்லில் செயின் நேர்கோட்டில், தொய்வில்லாமல் வருகிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். கோணலாக இருந்தால் ஓடும்போதே அடுத்த பெரிய பல்லுக்கு ஏறி இறுகி, செயினோ ஹப்போ கெடும். உட்கார்ந்தபடி, மெதுவாக மிதியுங்கள்.